ஐந்தாவது ஊரின் விலை

கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்கள் இரண்டு வகையாக நடந்துகொள்வார்கள். ஒரு சாரார் மெல்லச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மறுசாரார், இளைஞர்கள் புத்தகத்தைத் தொடாமல் போனதற்கு அதுவே காரணம் என்று தொடங்கி அரைமணி நேரம் ஆற்றாமையைக் கொட்டுவார்கள். இவ்விரு சாராரிலும் ஒரு விளையாட்டையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிப் பார்த்தவர் மிகச் சிலரே என்பது என் அனுபவம். படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதுவதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆடாத ஆட்டத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

நான் ஆடியிருக்கிறேன். சற்று அதிகமாகவே ஆடியிருக்கிறேன். அவற்றுள் ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றியும், அதற்குள் இருக்கும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். ஆட்டம், 'சிவிலைசேஷன்'. கேள்வி, ஒரு பேரரசு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து வடிவமைத்து, மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்ட விளையாட்டு இது. சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. நம் முறை முடிந்த பின்பே எதிராளியின் முறை வரும். கையின் வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. கி.மு. 4000இல் ஒரு சிறு குடியேற்றக் குழுவோடு தொடங்குகிறோம். ஊர் எழுப்பி, நிலம் திருத்தி, எழுத்து, சக்கரம், நாணயம் என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, விண்கலம் அனுப்பும் காலம் வரை ஒரு நாகரிகத்தை நடத்திச் செல்லவேண்டும். 1996, 2001, 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன. ஏழாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வெளியானது. இவ்வகை ஆட்டங்களுக்கு ஆலன் எம்ரிக் என்ற விமர்சகர் 1993இல் நான்கு வினைச்சொற்களால் இலக்கணம் வகுத்தார். தமிழில் சொல்வதானால் துருவு, பரவு, சுரண்டு, அழி. நான்கும் ஏவல் வினைகளாகவே வந்து விழுவதைத் தமிழாசிரியன் கவனிக்காமல் இருக்க முடியாது.

*

2006ஆம் ஆண்டு. முதுகலை முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். மேன்ஷன் அறையில் உடன் தங்கியிருந்த நண்பர் மென்பொருள் வேலையில் இருந்தார். அவருடைய கணினியில்தான் நான்காம் பதிப்பை முதன்முதலாகப் பார்த்தேன். சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின் தொடங்கிய ஆட்டம், 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று நீண்டு, கீழே பால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்வரை ஓடியது.

அந்த முதல் ஆட்டத்தில் என் கொள்கை எளிமையானது. கண்ணில் பட்ட நிலத்திலெல்லாம் ஊர் எழுப்பினேன். ஏசு பிறப்பதற்கு வெகு முன்பே பத்து ஊர்கள். உலக வரைபடத்தில் என் நிறமே மிகுதியாகத் தெரிந்ததைப் பார்த்துப் பூரித்தேன். அதற்குச் சில சுற்றுகளிலேயே கருவூலம் வறண்டது. ஆராய்ச்சி நின்றது. கூலி கொடுக்க வழியின்றிப் படைகள் தாமாகவே கலைந்தன. மூன்றே ஊர் வைத்திருந்த பக்கத்து நாட்டான் குதிரைப்படையோடு வந்தான்.

நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஊரைக் கட்டுறதுக்குக் காசு வேண்டாம் சார். அதை வச்சுக்கிறதுக்குத்தான் காசு."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. மெய்க்கீர்த்திகளைப் பாடமாகப் படித்தவன் நான். அவற்றில் மன்னன் கொண்ட நாடுகளின் பட்டியல் அடுக்கடுக்காக வரும். அந்த நாடுகளைக் கட்டிக் காக்க ஆண்டுக்கு என்ன செலவாயிற்று என்பது வராது. பரப்பே பெருமை என்று என் மூளையில் பதிந்திருந்ததற்கு அந்தப் பட்டியல்களுக்கும் பங்குண்டு. பள்ளி வரலாற்று நூலின் வண்ண வரைபடங்களுக்கும் பங்குண்டு. பராமரிப்பு என்ற சொல்லை வரலாற்றின் மையத்தில் வைத்து எனக்குக் காட்டியது இந்த விளையாட்டுதான்.

நான்காம் பதிப்பின் கணக்கு இப்படி. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பராமரிப்புச் செலவு உண்டு. அதில் ஒரு பகுதி தலைநகரிலிருந்து அவ்வூர் எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்தது. மற்றொரு பகுதி நம்மிடம் மொத்தம் எத்தனை ஊர்கள் என்பதைப் பொறுத்தது. நுட்பம் இந்த இரண்டாம் பகுதியில் இருக்கிறது. ஐந்தாவது ஊரை எழுப்பும்போது அதன் செலவு மட்டும் சேர்வதில்லை. ஏற்கனவே இருக்கும் நான்கு ஊர்களின் செலவும் சேர்ந்தே ஏறுகிறது. புதிய ஊரில் குடி ஒன்றே. அது ஈட்டித் தருவதற்கு நெடுநாள் ஆகும். அதுவரை ஐந்தாவது ஊரின் விலையைப் பழைய நான்கு ஊர்களும் தங்கள் வரியிலிருந்து கட்டிக்கொண்டிருக்கின்றன.

இதை உணர்ந்த புதிய ஆட்டக்காரர் அடுத்து எதிர்ப்பக்கம் சாய்வார். நானும் சாய்ந்தேன். வருவாயில் எத்தனை விழுக்காடு ஆராய்ச்சிக்குப் போகிறது என்பதைத் திரை எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். அது நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கினாலே அஞ்சி, மூன்று ஊர்களோடு நின்றுவிட்டேன். அப்போதும் தோற்றேன். விழுக்காட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. இருபது பொன் வருவாய் உள்ளவன் அத்தனையையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தாலும் இருபதுதான். அறுபது பொன் வருவாய் உள்ளவன் அதில் நாற்பது விழுக்காடு கொடுத்தாலே இருபத்து நான்கு. நெருக்கடியில் இருப்பதாகத் தோன்றும் பெரிய நாடு, வசதியாக இருப்பதாகத் தோன்றும் சிறிய நாட்டை இப்படித்தான் ஓசையின்றி முந்துகிறது.

ஆக, பரவவும் வேண்டும், பரவியதைத் தாங்கவும் வேண்டும். தாங்குவதற்கு ஆட்டம் தரும் வழிகளில் எனக்குப் பிடித்தது குடிசை. ஊரைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு குடிசைக் குடியிருப்பை அமைக்கிறோம். முதலில் அது தரும் வணிக வருவாய் அற்பம். அந்நிலத்தில் குடிகள் தொடர்ந்து உழைத்தால் 10 சுற்றுகளில் அது சிற்றூராகிறது. பின்னும் 20 சுற்றுகளில் கிராமம். மேலும் 40 சுற்றுகளில் நகரியம். எழுபது சுற்றுக் காத்திருப்பு. இடையில் பகைவன் புகுந்து கொள்ளையிட்டால் எல்லாம் பின்னோக்கிப் போகும். குடிசைப் பொருளாதாரம் என்று ஆட்டக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இதற்கு மாறாக, வயல்களில் உணவைப் பெருக்கி, அந்த உணவால் அறிஞர்களையும் வணிகர்களையும் ஊருக்குள் உட்காரவைத்துச் சோறிடும் மற்றொரு பொருளாதாரமும் உண்டு. இவற்றில் எது மேல் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டது, தொல்காப்பிய உரைகாரர்களைப் பற்றிய நம் வாதங்களுக்குச் சற்றும் குறைந்ததன்று.

பரந்து நொடிந்து நிற்கும் நாட்டைத் தூக்கிவிடும் கண்டுபிடிப்புகள் இரண்டு. ஒன்று நாணயம், மற்றொன்று சட்டத் தொகுப்பு. நாணயம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வணிகப் பாதையைக் கூடுதலாகத் திறக்கிறது. சட்டத் தொகுப்பு நீதிமன்றம் கட்ட வழிசெய்கிறது. நீதிமன்றம் அவ்வூரின் பராமரிப்புச் செலவைப் பாதியாக்குகிறது. வாள் கொண்டு சேர்த்த நிலத்தைக் காசும் நீதியுமே கட்டி நிறுத்துகின்றன என்று இதைப் படிக்கலாம். ஒரு விளையாட்டு இவ்வளவு நிதானமாக ஓர் அரசியல் கருத்தைச் சொல்லும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

*

ஆனால் இது ஒரு பதிப்பின் கருத்து. மற்றப் பதிப்புகள் வேறு சொல்கின்றன. என் கட்டுரையின் முதல் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது.

முதலிரண்டு பதிப்புகளில் ஊர் அமைந்த கட்டம், யாரும் உழைக்காமலேயே விளைச்சல் தந்தது. ஆகவே சின்னஞ்சிறு ஊர்களை நெருக்கமாக விதைத்துக்கொண்டே போனவர் வென்றார். முடிவிலா ஊர்ப்பெருக்கம் என்று அந்த உத்தியை ஆட்டக்காரர்கள் பாதி வியப்பும் பாதி வெறுப்புமாக அழைத்தார்கள். 2001இன் மூன்றாம் பதிப்பு அதை ஒடுக்க ஊழலைக் கடுமையாக்கியது. தலைநகரிலிருந்து வெகு தொலைவில், அளவுக்கு மீறி எழுப்பிய ஊர் என்ன உழைத்தாலும் அரசுக்குக் கிடைப்பது ஒரே ஓர் அலகு, மிச்சமெல்லாம் விரயம். இரண்டாம் அரண்மனை ஒன்றைத் தொலைவில் கட்டிச் சமாளிக்கலாம். ரோமானியப் பேரரசர் டயோக்ளிஷியன் 293இல் ஆட்சியை நால்வரிடையே பகிர்ந்ததும், கான்ஸ்டன்டைன் 330இல் கிழக்கே புதிய தலைநகரைத் திறந்துவைத்ததும் நினைவுக்கு வரும்.

2010இன் ஐந்தாம் பதிப்பில் கருவூலத்தின் இடத்தை மகிழ்ச்சி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு புதிய ஊரும் நாடு முழுவதற்குமான மகிழ்ச்சியைக் குறைக்கும். 2013இல் வந்த விரிவாக்கம், ஒவ்வொரு கூடுதல் ஊருக்கும் எல்லாக் கண்டுபிடிப்புகளின் விலையையும், வழக்கமான அளவுள்ள வரைபடத்தில், ஐந்து விழுக்காடு ஏற்றியது. விளைவு, நான்கே ஊர்கள் எழுப்பி அவற்றைக் கொழுக்க வைப்பதே விவேகம் என்றாயிற்று. ஊர் குறைத்து உயர்வதை 'டால்' என்றும் ஊர் பெருக்கிப் பரவுவதை 'வைட்' என்றும் ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். ஐந்தாம் பதிப்பு, டாலின் பொற்காலம்.

அந்தப் பதிப்பில் இந்தியாவுக்குத் தலைவர் காந்தி. அவருக்கென்று தனி விதி ஒன்று உண்டு. ஊர்களின் எண்ணிக்கையால் வரும் அதிருப்தி அவருக்கு இருமடங்கு. மக்கள்தொகையால் வரும் அதிருப்தி பாதி. அதாவது, காந்தியாக ஆடுகிறவர் மிகச் சில பெருநகரங்களை மட்டும் கட்டி அவற்றில் கூட்டம் கூட்டமாக மக்களைக் குவிக்கவேண்டும். வாழ்நாளெல்லாம் ஏழு லட்சம் கிராமங்களைப் பற்றிப் பேசிய மனிதருக்கு வாய்த்த விதி இது. வடிவமைத்தவர்கள் இந்தியாவின் மக்கள்தொகையை நினைத்தார்கள், காந்தியை நினைக்கவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

2016இன் ஆறாம் பதிப்பில் சக்கரம் மறுபடி சுழன்றது. கூடுதல் ஊருக்கு ஆராய்ச்சித் தண்டனை இல்லை. ஒவ்வோர் ஊரும் தனக்கென்று கல்வி வட்டாரம், வணிக வட்டாரம் அமைத்துக்கொள்ளலாம். ஆகவே முந்தைய பதிப்பில் அறிவாளியாக இருந்த நான்கு ஊர்க்காரர் இங்கே சோம்பேறி ஆனார். ஏழாம் பதிப்பு, குடியிருப்புகளுக்கு வெளிப்படையாகவே ஓர் எண்ணிக்கை வரம்பை வைத்து, மீறினால் மகிழ்ச்சியைக் குறைக்கிறது.

ஒரே பெயருள்ள ஆட்டம், ஒரே கேள்வி. பதிப்புக்குப் பதிப்பு வேறு விடை. இங்கேதான் இலக்கியம் பயின்றவர்களின் உதவி தேவைப்படுகிறது. ஆட்டக்காரர்கள் தாம் ஆடிய பதிப்பின் விதியை வரலாற்றின் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். "பேரரசுகள் பெருத்தால் அழியும்" என்று என் மாணவன் ஒருவன் வகுப்பில் அடித்துச் சொன்னான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, ஐந்தாம் பதிப்பை ஆடியிருக்கிறான். கதைசொல்லியின் குரலை உலகத்தின் குரலாக மயங்கக் கூடாது என்பதைப் புனைகதை வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தருகிறோம். விதிகளும் ஒரு கதைசொல்லிதான். அது வாய் திறந்து பேசாமல், எது லாபம் எது நட்டம் என்று மட்டும் காட்டுவதால் அதன் குரல் நம் காதில் விழுவதில்லை.

*

விதிகள் வரலாற்றோடு பொருந்துமிடங்கள் இல்லாமல் இல்லை. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், கி.பி. 14இல் இறக்கும்போது பேரரசை அதன் எல்லைகளுக்குள்ளேயே நிறுத்திவையுங்கள் என்று அறிவுரை விட்டுச்சென்றதாக டாசிட்டஸ் எழுதுகிறார். நூறாண்டு கழித்து டிராஜன் அதை மீறி மெசபடோமியா வரை போனார். 117இல் அரியணை ஏறிய ஹேட்ரியன், யூப்ரடீஸ் நதிக்கு அப்பால் பிடித்தவற்றைத் தாமாகவே கைவிட்டார். ஜோசப் டெயின்டர் 1988இல் வெளியிட்ட, சிக்கலான சமூகங்களின் வீழ்ச்சியைப் பற்றிய நூல், இத்தகைய முடிவுகளுக்கு அடியில் இருக்கும் கணக்கை விளக்குகிறது. சமூகம் சிக்கலாக ஆக, ஒவ்வொரு கூடுதல் முதலீட்டுக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் தாங்கும் செலவே மிஞ்சுகிறது என்பது அவர் கருத்து. நான்காம் பதிப்பை ஆடியவருக்கு அந்த நூல் புதிதாக இராது.

ஏழாம் பதிப்பில் சோழரும் ஒரு நாகரிகமாக இடம்பெற்றிருக்கிறார்கள். ஆகையால் அவர்களைப் பற்றியும் கேட்டுவிடலாம். சோழர்கள் 993 அளவில் அனுராதபுரத்தை வீழ்த்தி, பொலன்னறுவையைத் தலைமையிடமாகக் கொண்டு, 1070இல் முதலாம் விஜயபாகுவிடம் இழக்கும்வரை இலங்கையின் வடபகுதியை ஆண்டார்கள். ஆனால் 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை சென்று தாக்கிய கடாரத்திலும் ஸ்ரீவிஜயத்திலும் அத்தகைய நேரடி ஆட்சியை நிறுவவில்லை. மெய்க்கீர்த்தியின் பட்டியலில் இரண்டும் வெற்றிகளே. பராமரிப்புக் கணக்கில் இரண்டும் வேறு வேறு. கடல் தாண்டி ஊர் வைத்துக்கொள்வதைக் காட்டிலும் வணிகப் பாதை திறந்திருப்பதே போதும் என்று தஞ்சையின் கணக்கர்கள் கருதியிருக்கக்கூடும். சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த, 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினருடையது. சோழ அதிகாரிகளுடையது அன்று. பேரரசு போகாத தொலைவுக்கும் வணிகர் போயிருக்கிறார்கள்.

இதுவரை நான் ஆட்டத்தைப் பாராட்டியே வந்திருக்கிறேன். இனிச் சொல்லப்போவது வேறு.

*

நான்காம் பதிப்பில் வெண்கலத்தைக் கண்டறிந்தவுடன் அடிமை முறை என்ற சட்டத்தை இயற்றலாம். இயற்றினால் ஓர் ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தையோ படையையோ உடனே முடிக்க, அவ்வூரின் குடிகளில் சிலரைப் பலியிடலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஊரின் மக்கள்தொகை ஐந்திலிருந்து மூன்றாகும். களஞ்சியமோ நீதிமன்றமோ அடுத்த சுற்றில் எழுந்து நிற்கும். ஆட்டக்காரர்கள் இதைச் 'சவுக்கடி' என்கிறார்கள். ஊரார் கொடுமையை நினைத்து முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பு 10 சுற்றுகளில் அடங்கிவிடும்.

இது கொடியது என்பதைவிட இது மிகச் சிறந்த உத்தி என்பதே என்னைத் தொல்லை செய்கிறது. சிறிய ஊர் குறைந்த உணவிலேயே விரைவாக வளரும். களஞ்சியம் இருந்தால் வளர்ச்சிக்குத் தேவையான உணவில் பாதி மிச்சமாகும். ஆகவே செழிப்பான நிலமுள்ள ஊரில் இருவரைப் பலியிட்டால் சில சுற்றுகளில் இருவர் 'விளைந்து' வருவார்கள். களஞ்சியம் கட்டு, சவுக்கை எடு, வளரவிடு, மறுபடி சவுக்கை எடு. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் யானையைக் காட்டி அறிவுரை சொன்னதை நாம் மாணவர்களுக்கு நடத்துகிறோம். அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாள் யானைக்கு உணவாகும்; யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. குடிசைப் பொருளாதாரம் அந்தக் கவளத்தைப் போன்றது. சவுக்கடியோ வயலில் இறங்கிய யானை. ஆனால் இந்த ஆட்டத்தில் மிதிபட்ட வயல் மறு சுற்றிலேயே முளைத்துவிடுகிறது. யானை வெல்கிறது.

மேன்ஷன் அறையில் நான் நூறு முறைக்கு மேல் அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேன். ஐந்தாவது ஊரின் நீதிமன்றத்தைச் சவுக்கால்தான் கட்டினேன். நீதிமன்றத்தை, சவுக்கால். அந்தத் தொடரின் பொருள் அன்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் அலுவலகம் போகுமுன் நண்பர் என் திரையைப் பார்த்துவிட்டு, "நல்லா சுத்தமா விளையாடுறீங்க சார்" என்றார். அந்தச் 'சுத்தமா' என்ற சொல் பகல் முழுதும் என்னோடு கல்லூரிக்கு வந்தது. அன்று நடத்தவேண்டிய பாடம் தலித் தன்வரலாறு.

அடிமை முறையிலிருந்து வெளியேறும் வழியையும் ஆட்டமே தருகிறது. மக்களாட்சியைக் கண்டறிந்த பின் விடுதலைச் சட்டம் இயற்றலாம். பிற நாடுகள் அதை இயற்றும்போது, இயற்றாத நாட்டின் குடிகள் அதிருப்தி அடைவார்கள். அந்த அதிருப்தி உற்பத்தியைக் கெடுக்கும் அளவுக்கு வளரும்போது நாமும் இயற்றுவோம். டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் 1944இல் வெளியிட்ட, முதலாளியத்தையும் அடிமை முறையையும் பற்றிய நூலில், பிரிட்டன் அடிமை முறையைக் கைவிட்டதில் மனிதநேயத்தைவிடப் பொருளாதார மாற்றத்துக்கே பங்கு அதிகம் என்று வாதிட்டார். அறிஞர்கள் அதை இன்றும் மறுத்தும் ஏற்றும் எழுதுகிறார்கள். ஆட்டம் அவர் கட்சி.

பின்வந்த பதிப்புகள் என்ன செய்தன? ஐந்திலும் ஆறிலும் அடிமை முறை என்ற சட்டமே இல்லை. திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆறாம் பதிப்பில் அரசின் கொள்கைகள் சீட்டுகளாக வருகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் 'மும்முனை வணிகம்'. அதை எடுத்தால் ஒவ்வொரு வணிகப் பாதைக்கும் நான்கு பொன்னும் ஒரு பங்கு சமயப் பற்றும் கூடும். அவ்வளவுதான். ஐரோப்பாவிலிருந்து சரக்குகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து மனிதர்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கும், அங்கிருந்து சர்க்கரையும் புகையிலையும் பருத்தியும் ஐரோப்பாவுக்கும் போன வணிகம் அது. அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சீட்டில் மக்கள்தொகை குறைவதில்லை. முணுமுணுப்பும் இல்லை.

நான்காம் பதிப்பில் மனிதர் சாவதையாவது பார்த்தோம். ஐந்து மூன்றாவதைத் திரை காட்டியது. ஆறாம் பதிப்பில் சவுக்கு மறைந்துவிட்டது. சவுக்கின் லாபம் மட்டும் தங்கிவிட்டது. நாகரிகமடைந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நான்காம் பதிப்புக்கு 2007இல் வந்த விரிவாக்கத்தில் கடல் கடந்த குடியேற்றங்களுக்குத் தனிச் செலவு விதித்தார்கள். செலவு தாளாதபோது அவ்வூர்களைத் தனி நாடாக்கி, நமக்குக் கீழ்ப்பட்ட நட்பு நாடாக வைத்துக்கொள்ளலாம். விடுதலை என்பது ஒரு செலவுக் குறைப்பு நடவடிக்கை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டன் இந்தியாவுக்கே கடன்பட்டு நின்றது என்பதை அறிந்தவர்கள், 1947க்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆட்டத்தில், குடியேற்றத்து மக்கள் உப்புக் காய்ச்சவும் சிறைசெல்லவும் வழியில்லை. கொடுப்பவனின் திரை மட்டுமே உண்டு, கேட்பவனுக்குத் திரை கிடையாது.

*

ஆகவே இவ்வகை ஆட்டங்களை ஆடக் கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. பேரரசுக்கு விலை உண்டு என்று எனக்குக் கற்பித்த ஆட்டம் இது. அந்த விலையைக் கட்டுவது யார் என்ற அடுத்த கேள்வியைத்தான் அது கேட்க மறுக்கிறது. சவுக்கை எடுத்துவிடுங்கள் என்றுகூட நான் கேட்க மாட்டேன். வரலாற்றில் இருந்ததை மறைப்பதில் அறம் இல்லை. 10 சுற்றுகளில் மறந்துபோகும் அந்த முணுமுணுப்பை மறக்காமல் வையுங்கள் என்றுதான் கேட்பேன். சவுக்கால் எழுந்த ஊரின் நினைவு நூறு சுற்று கழித்தும் அங்கே இருக்கட்டும். அதன் செலவும் பராமரிப்புக் கணக்கில் ஏறட்டும். அப்படி ஒரு விதி வந்தால் ஐந்தாவது ஊரை எழுப்புமுன் ஆட்டக்காரர் கொஞ்சம் யோசிப்பார்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆறாம் பதிப்பை ஆடுகிறாள். சென்ற விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அப்பா, இது சூப்பர் கார்டு. எல்லா ரூட்டுக்கும் நாலு கோல்டு" என்று மும்முனை வணிகத்தை எடுத்துப் பொருத்தினாள். அந்த மூன்று முனைகள் எவை தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல் நீட்டாமல், மேலே எழுதிய அளவுக்கே சொன்னேன்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதை எடுக்கலைன்னா தோத்துடுவேனாப்பா?" என்று கேட்டாள்.

"தோக்க மாட்டே. கொஞ்சம் லேட்டாகும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டு அப்படியே இருந்தது. நான் எழுந்து விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். இரவு உணவுக்கு அழைக்கப் போனபோது அந்த இடத்தில் வேறு ஏதோ சீட்டு இருந்தது. நடுவில் சீட்டை மாற்றினால் கருவூலத்திலிருந்து பொன் கட்டவேண்டும் என்பது அந்தப் பதிப்பின் விதி. எவ்வளவு கட்டினாள் என்று நான் கேட்கவில்லை.